கிட்னிக்குள் ஒரு குறுக்கு வழி: கத்தி வைக்காமல் அடைக்க முடியும்... ஆனால் அதை யார் சொல்வது?

டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வகை பிரஸ் ரிலீஸ் நன்றாகப் பழக்கம். ‘கத்தியின்றி, தையலின்றி சிறுநீரகத்தைக் காப்பாற்றிய மருத்துவர்கள்’ என்று தலைப்பு இருக்கும். கூடவே கவுன் போட்ட நாலைந்து டாக்டர்கள் கை கட்டி நிற்கும் படம். உள்ளே ‘அரிதான’, ‘அதிநவீன’, ‘முதன்முறையாக’ ஆகிய மூன்று வார்த்தைகள் கட்டாயம் உண்டு. படிப்பவர்கள் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவார்கள்.

சிறுநீரக ரத்தநாளங்களுக்கு நடுவே உண்டாகும் தவறான இணைப்பை, ஊசித் துளை வழியாக உள்ளே போய் அடைக்கும் சிகிச்சை அடிக்கடி இப்படித்தான் செய்தியாகிறது. சிகிச்சை நிஜம், பலனும் நிஜம். அந்த ‘அதிநவீன’தான் கொஞ்சம் ஓவர். பயாப்சிக்குப் பிறகு கிட்னியில் உண்டான இப்படியொரு இணைப்பைத் தமனி வழியாகவே போய் அடைத்ததைப் பற்றி புக்ஸ்டைன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு மருத்துவர்கள் ‘ரேடியாலஜி’ இதழில் எழுதியது 1973-ல். இதைப் படிக்கும் பலருடைய அப்பா அம்மா அப்போது ஸ்கூல் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். அரை நூற்றாண்டு தாண்டிய சிகிச்சை இன்னமும் அதிசயமாகச் செய்தியாகிறது என்றால், கோளாறு தொழில்நுட்பத்தில் இல்லை. தேவைப்படுகிறவரிடம் அது போய்ச் சேரும் பாதையில் இருக்கிறது.

முதலில், அதென்ன குறுக்கு வழி?

இரண்டு கிட்னியையும் சேர்த்து எடை போட்டால் 300 கிராம்தான் தேறும். ஆனால், இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டர் அளவுக்கு, இந்த 300 கிராமுக்குத்தான் போகிறது. எடைக்கும் வரவுக்கும் சம்பந்தமே இல்லாத உறுப்பு. கிட்னி தன் பசிக்காக மட்டும் ரத்தம் வாங்குவதில்லை. உடம்பு முழுவதற்குமான ரத்தத்தை வடிகட்டித் தருவது அதன் வேலை. அதனால்தான் இவ்வளவு வரவு.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை டெல்டா பக்கம் வயல் பார்த்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆற்றிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், மடை திறந்தால் வயல், வயலில் பாய்ந்து மிஞ்சியது வடிகாலுக்கு. கிட்னியில் தமனிதான் வாய்க்கால். அழுத்தத்தோடு ரத்தத்தைக் கொண்டுவந்து, பிரிந்து பிரிந்து, கடைசியில் முடியைவிட மெல்லிய நுண்நாளங்களாகி வடிகட்டும் முடிச்சுகளுக்குள் பாய்ச்சும். வேலை முடிந்த ரத்தம் அழுத்தமெல்லாம் அடங்கி, சிரை என்கிற வடிகால் வழியே இதயத்துக்குத் திரும்பும். தமனியின் சுவர் தடிமன், சிரையின் சுவர் மெல்லிசு. வடிகாலுக்கு எதற்குப் பெரிய கரை?

இப்போது வாய்க்காலும் வடிகாலும் ஒட்டி ஓடும் ஓர் இடத்தில் நடுக்கரை உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வயலுக்குப் போகாது, நேரே வடிகாலில் விழும். கடைமடை காயும். வடிகால் தாங்க முடியாமல் உப்பும். ஒரு நாள் கரையை மீறும். தமனிக்கும் சிரைக்கும் நடுவிலான தவறான இணைப்பு என்று டாக்டர்கள் சொல்வது இந்த உடைப்பைத்தான்.

உடைப்பு எங்கே, எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்துத் தொல்லை மாறும். சிறுநீர் வந்து சேரும் பைக்குப் பக்கத்தில் இருந்தால், உப்பிய சிரை கசிந்து யூரினில் ரத்தம் வரும். காய்ந்துபோன கடைமடைப் பகுதி சும்மா இருக்காது. ‘எனக்கு ரத்தம் வரலை, பிரஷரை ஏத்து’ என்று ரெனின் என்ற பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் உடம்பு முழுக்க பி.பி. ஏறும். இணைப்பு மிகப் பெரிதாக இருந்தால், எந்த வேலையும் செய்யாமல் சும்மா சுற்றி வரும் ரத்தத்தையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயமே களைத்துப்போகும். கிட்னியில் கோளாறு, ஆனால் ஆள் வந்து நிற்பது மூச்சு வாங்கி, கார்டியாலஜி வார்டில்! வரேலா என்ற மருத்துவர் 1928-ல் இந்த இணைப்பை முதன்முதலாக விவரித்த காலத்திலிருந்தே இந்த விசித்திரம் மருத்துவர்களுக்குத் தெரியும்.

பிறவியிலா, பிறகா?

இரண்டு வகையும் உண்டு. பிறவியிலேயே ரத்தநாளங்கள் கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு வருவது ரொம்ப அரிது. பெரும்பாலானவை பிறகு உண்டாகிறவை. கத்திக்குத்து, விபத்து, கட்டியை மட்டும் வெட்டி எடுக்கும் பகுதி அறுவை சிகிச்சை என்று காரணங்கள் பல. அதிகம் காணப்படுவது கிட்னி பயாப்சி. அதற்குப் பக்கத்திலேயே, முதுகு வழியாகத் துளை போட்டுப் பெரிய கற்களை உடைத்து எடுக்கும் சிகிச்சை.

இதைச் சொன்னதும், ‘அப்போ டாக்டர் தப்பு பண்ணிட்டாரா?’ என்றுதான் கமென்ட்டில் முதல் கேள்வி வரும். அவசியம் அப்படி இல்லை. நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் ரத்தம் ஓடும் உறுப்புக்குள் ஊசி போகிறது. அதற்குள் தமனியும் சிரையும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி ஒட்டியே ஓடுகின்றன. கைதேர்ந்தவர் செய்தாலும் ஒரே ஊசி இரண்டையும் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. பயாப்சிக்குப் பின் டாப்ளர் ஸ்கேனில் இப்படிச் சின்ன இணைப்புகள் தெரிவது புதிதல்ல. முக்கியமான செய்தி என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தராமல், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே மூடிக்கொள்கின்றன. ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்த்த உடனே அட்மிட் ஆக வேண்டிய சமாச்சாரம் இல்லை இது.

கல் சிகிச்சை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். முதுகு வழியாகக் கல் எடுத்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு, ரத்தநாளத்தை அடைத்தே தீர வேண்டிய அளவுக்கு ரத்தப்போக்கு வருகிறது. நூற்றில் ஒன்று சின்ன எண்தான். ஆனால் ஐ.டி. கம்பெனி கேபினில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க மறப்பவர்கள் முதல் வெயிலில் டெலிவரி ஓட்டுபவர்கள் வரை கிட்னிக் கல் இப்போது எத்தனை பேருக்கு என்று உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே கேட்டுப் பாருங்கள். அதோடு, இந்த ரத்தம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வரும் என்று சொல்ல முடியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து, ‘கல்லு போச்சு, நிம்மதி’ என்று வேலைக்குக் கிளம்பும் சமயத்தில் வரலாம்.

என் நண்பன் ஒருவனின் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. கல் எடுத்துப் பன்னிரண்டாம் நாள் யூரின் தக்காளிச் சாறு மாதிரி போயிருக்கிறது, கட்டி கட்டியாக. பக்கத்துக் கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் நின்றது, மறுநாள் மறுபடி. ஹீமோகுளோபின் மளமளவென்று இறங்க, அட்மிட் செய்து ரத்தம் ஏற்றினார்கள். ‘கிட்னியை எடுத்துடலாம், இன்னொண்ணு நல்லாதானே இருக்கு, கவலைப்படாதீங்க’ என்று சொல்லி, கையெழுத்துப் போடும் பேப்பரும் வந்துவிட்டது. அப்போது போனில் பேசிய அவன் சித்தி பொண்ணு, ஸ்டாஃப் நர்ஸ், கேட்ட ஒரே கேள்வி: “அண்ணா, ஆஞ்சியோ பண்ணி அடைக்க முடியுமான்னு கேட்டியா?”

கேட்டான். ‘அதுக்கு இங்க வசதி இல்ல, வேற ஊருக்குத்தான் போகணும்’ என்றார்கள். ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரப் பயணம். அங்கே ஒரு சின்னக் கிளைத் தமனியை மட்டும் அடைத்தார்கள். கிட்னி இன்றும் அவரிடமே இருக்கிறது. நல்ல முடிவுதான். எனக்கு உறுத்துவது வேறு. சொந்தத்தில் ஒரு நர்ஸ் இல்லாத வீட்டுக்கு அந்தக் கேள்வியை யார் கேட்டிருப்பார்கள்?

உள்ளே போய் என்ன செய்கிறார்கள்?

இந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் யூராலஜிஸ்ட்டோ நெஃப்ராலஜிஸ்ட்டோ அல்ல. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். தமிழில் இடையீட்டுக் கதிரியக்க மருத்துவர் என்று எழுதலாம், ஆனால் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் அப்படிக் கேட்டால் ஒருவருக்கும் புரியாது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதோடு நிற்காமல், அந்தப் படத்தையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு உடம்புக்குள் போய் வேலை செய்பவர்.

முதலில் டாப்ளர், பிறகு சி.டி. ஆஞ்சியோ எடுத்து உடைப்பு எங்கே என்று தோராயமாகத் தெரிந்துகொள்வார்கள். பிறகு கேத் லேப். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, தமனிக்குள் ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் மேல் ஒரு குழாய். கம்பியை விட்டு அதன் மேல் குழாயை நகர்த்தும் இந்த உத்தியை ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர் 1953-ல் எழுதினார். இன்று ஐ.சி.யூ.வில் போடும் சென்ட்ரல் லைன் முதல் இதய ஆஞ்சியோ வரை எல்லாம் அந்த ஒரு உத்தியின் பேரப்பிள்ளைகள்.

குழாய் கிட்னித் தமனியின் வாசலுக்குப் போனதும், எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய அயோடின் கலந்த மருந்தைச் செலுத்துவார்கள். திரையில் எலும்பெல்லாம் கழிக்கப்பட்டு ரத்தநாளங்கள் மட்டும் ஒரு மரம் மாதிரி விரியும். வழக்கமாக முதலில் தமனி தெரியும், பிறகு கிட்னி முழுக்க லேசாகப் பூசினாற்போல் ஆகும், சில நொடிகள் கழித்துத்தான் சிரை தெரியும். தமனி தெரியும்போதே சிரையும் கூடவே நிரம்பினால், குறுக்கு வழி அங்கேதான் இருக்கிறது.

இனிமேல்தான் பொறுமைக்கு வேலை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட நுண்குழாயை, கிளைக்குள் கிளை, அதற்குள் கிளை என்று உடைப்புக்கு முடிந்தவரை பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். ஏன் அவ்வளவு மெனக்கெட வேண்டும்? கிட்னியின் தமனிக் கிளைகளுக்கு மாற்றுப் பாதை கிடையாது. ஒரு கிளையை அடைத்தால், அது பாசனம் செய்த பகுதி செத்துப்போகும், பக்கத்துக் கிளை உதவிக்கு வராது. முன்னாடியே அடைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், கிட்னியில் பெரிய துண்டு போய்விடும். உள்ளே தள்ளிப் போய் அடைத்தால் நேரமாகும், இழப்பு விரல்நுனி அளவோடு நிற்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு. அவர்களுக்கு வேலை செய்வது அந்த ஒன்றுதான், நிராகரிப்பு இருக்கிறதா என்று பார்க்க பயாப்சி தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். 2008 முதல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதானத்தை ஒழுங்குபடுத்தி நடத்திவரும் தமிழ்நாட்டில் அப்படி வாழ்பவர்கள் நிறையப் பேர்.

எதை வைத்து அடைக்கிறார்கள் என்பது தனிக் கதை. அதிகம் பயன்படுவது காயில். பிளாட்டினம் போன்ற உலோகத்தில் செய்த மெல்லிய கம்பிச் சுருள். குழாய்க்குள் நேராக இருக்கும், வெளியே வந்ததும் சுருண்டு பந்தாகிவிடும். அதைச் சுற்றி ரத்தம் உறைந்து பாதை மூடும். சிலசமயம் பசை. நம் வீட்டு ஃபெவிக்விக் எந்த ரசாயனக் குடும்பமோ, அதே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான். அதை அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெயில் கலந்து செலுத்துவார்கள். ஆமாம், குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா வகை. எண்ணெய் கலந்தால்தான் பசை எக்ஸ்ரேயில் தெரியும், குழாய்க்குள்ளேயே இறுகிவிடாமலும் இருக்கும். பின்னிக் கிடக்கும் பிறவி வகைக்கு மெதுவாக ஊடுருவும் இன்னொரு திரவம் உண்டு. அதைக் கரைக்கப் பயன்படும் பொருளால் ஓரிரு நாளைக்கு மூச்சில் பூண்டு வாசனை அடிக்கும். வார்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ‘பத்தியமா இருக்கச் சொன்னா பூண்டு சாப்பிட்டியா?’ என்று கேட்டால் நோயாளி மேல் தப்பில்லை.

‘சின்ன ப்ரொசீஜர்’ என்று சொல்லலாமா?

துளைதான் சின்னது. இந்த வித்தியாசத்தை விளம்பர வீடியோக்கள் சொல்வதில்லை, சொன்னால் வியூஸ் வராது.

உடைப்பு பெரிதாக, ஓட்டம் வேகமாக இருந்தால், வைத்த காயில் நிற்காமல் சிரை வழியே அடித்துக்கொண்டு போய் நுரையீரலில் சிக்கும் அபாயம் உண்டு. அதற்காகவே அப்படிப்பட்ட இடங்களில் வலை போன்ற பெரிய அடைப்பான் வைப்பது, பலூனை ஊதி ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டு வேலை செய்வது போன்ற முன்னேற்பாடுகள் செய்கிறார்கள். பசை தவறான கிளைக்குப் போய்விட்டால், நல்ல பகுதியும் போய்விடும். ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் அயோடின் மருந்து, ஏற்கெனவே கிரியாட்டினின் ஏறியிருப்பவர்களுக்குக் கிட்னியை மேலும் பாதிக்கக்கூடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டலாம். எல்லாம் நன்றாக நடந்தாலும், அடைத்த பகுதி சாகும்போது சில நாள் காய்ச்சல், விலாவில் வலி, குமட்டல் வருவது சகஜம். இது தெரியாமல் வீட்டுக்குப் போனவர்கள் பயந்து திரும்ப ஓடிவருகிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும், வேண்டியவருக்கு இதுதான் முதல் தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கல் சிகிச்சைக்குப் பின் வரும் ரத்தப்போக்கில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதிலேயே ரத்தம் நின்றுவிடுகிறது. பெரிய வெட்டு இல்லை, ஓரிரு நாளில் வீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிட்னி மிஞ்சுகிறது. ‘இன்னொண்ணு இருக்கே’ என்பது ஆறுதல் வார்த்தையாக இருக்கலாம், மருத்துவக் காரணம் ஆகாது. முப்பது வயதில் ஒரு கிட்னியை இழந்தவருக்கு நாற்பதில் சர்க்கரை வந்தால் மிச்சம் இருக்கும் ஒன்று என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. எந்தத் தொல்லையும் தராத, தானாக மூடப்போகிற இணைப்பை ஸ்கேனில் பார்த்ததும் ‘அடைச்சிடலாம்’ என்பது. ரத்தப்போக்கு இல்லை, பி.பி. ஏறவில்லை, இதயம் நன்றாக இருக்கிறது, இணைப்பும் பெரிதாகவில்லை என்றால், டாப்ளரில் கவனித்துக்கொண்டு காத்திருப்பதும் சிகிச்சைதான். அதற்குப் பில் குறைவு என்பதாலோ என்னவோ, பிரஸ் ரிலீஸ் மட்டும் வருவதில்லை.

ஏன் காதுக்கு வருவதில்லை?

ஒரு காரணம், இந்த மருத்துவரை நாம் நேரில் பார்ப்பதே இல்லை. பல்வலி என்றால் யாரிடம் போக வேண்டும் என்று தெரியும், நெஞ்சுவலி என்றாலும் தெரியும். ‘எனக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்டைப் பார்க்கணும்’ என்று யாரும் டோக்கன் போடுவதில்லை. வேறு டாக்டர் அனுப்பினால்தான் உண்டு. அனுப்பும் டாக்டருக்குத் தன் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாவிட்டால், அந்த வழி நோயாளிக்கு அங்கேயே மூடிவிடுகிறது. இவர்களுக்கென்று டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பே வந்துவிட்டது. ஆனாலும் படித்து முடித்தவர்கள் பெரிய நகரங்களைச் சுற்றியே இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி, சின்ன ஊர், நோயாளியின் பி.பி. சரசரவென்று இறங்குகிறது, மூன்று மணி நேரத் தூரத்தில்தான் கேத் லேப். அந்த நேரத்தில் கிட்னியை எடுத்து உயிரைக் காப்பாற்றும் சர்ஜனை நான் குறை சொல்ல மாட்டேன். அடைத்தும் ரத்தம் நிற்காதபோது கத்திதான் கடைசி வழி, அது இல்லாமல் முடியாது. என் கேள்வி, ஹீமோகுளோபின் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த, பேசவும் யோசிக்கவும் நேரம் இருந்த அந்த மூன்று நான்கு நாட்களைப் பற்றியது.

இதற்குப் புது ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதய சிகிச்சைக்காகக் கேத் லேப் இருக்கிறது. அடிப்படையில் தேவைப்படும் எக்ஸ்ரே இயந்திரம் அதே வகைதான். குறைவது பயிற்சி பெற்ற ஆளும், நுண்குழாய், காயில் போன்ற சாமான்களும். ஒவ்வொரு மாவட்டத்திலும் உடனே ஒரு நிபுணரை நியமிப்பது நடக்காத காரியம் என்று வைத்துக்கொண்டாலும், கிட்னி பயாப்சியும் முதுகுத் துளை கல் சிகிச்சையும் செய்கிற ஒவ்வோர் ஆஸ்பத்திரியும், ‘ரத்தம் வந்தால் எங்கே அனுப்புவோம்’ என்பதை முதல் நோயாளியை மேஜையில் ஏற்றும் முன்பே எழுதி வைத்திருக்கலாமே. அரசும் அதை ஒரு நிபந்தனையாக்கலாம். மாரடைப்புக்கு எங்கே கொண்டுபோவது என்று 108 டிரைவருக்குத் தெரியும். இதற்கும் அப்படி ஒரு தெளிவு வேண்டும்.

டிஸ்சார்ஜ் பேப்பர் இன்னொரு கொடுமை. ‘நிறையத் தண்ணீர் குடிக்கவும், ஒரு வாரம் கழித்து வரவும்’ என்பதோடு முடிந்துவிடும். ‘மூன்று வாரத்துக்குள் சிறுநீர் சிவப்பாகப் போனால், கட்டி வந்தால், தலைசுற்றினால், காத்திருக்காமல் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்’ என்று தமிழில் மூன்று வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்? அந்த மூன்று வரி இருந்திருந்தால், நண்பனின் அப்பா முதல் நாள் அந்தக் கிளினிக்குக்கே போயிருக்க மாட்டார்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

பயாப்சியோ கல் சிகிச்சையோ செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: ‘ரத்தம் வந்தா எம்போலைசேஷன் பண்ற வசதி இங்க இருக்கா, இல்லன்னா எங்க அனுப்புவீங்க?’ நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அது வெறும் ஆஸ்பிரினாக இருந்தாலும், தேதி முதற்கொண்டு சொல்லிவிடுங்கள்.

எப்போதோ கிட்னி பயாப்சி செய்துகொண்டவருக்கோ வயிற்றில், முதுகில் ஆழமாக அடிபட்டவருக்கோ பிற்பாடு காரணமே தெரியாமல் பி.பி. ஏறினால், அந்தப் பழைய கதையை டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். விலாவில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ‘உஷ்... உஷ்...’ என்று ஓட்டச் சத்தம் கேட்கலாம். ஒரு டாப்ளர் ஸ்கேன் மீதியைச் சொல்லும். இளவயது பி.பி.க்கு இதுதான் காரணம் என்று கூகுள் செய்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், காரணப் பட்டியலில் இது கீழேதான் இருக்கிறது. ஆனால் யூரினில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம் என்றால், எந்த வயதிலும், எந்தக் காரணத்தாலும், ‘பீட்ரூட் சாப்பிட்டேன்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கிட்னியை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டு, யோசிக்கச் சில மணி நேரமாவது இருந்தால், ஆஞ்சியோ எடுத்தாயிற்றா, ரேடியாலஜி பக்கம் கருத்துக் கேட்டாயிற்றா என்று கேளுங்கள். சி.டி. ஆஞ்சியோ படங்களை மொபைலிலேயே இன்னொரு ஊருக்கு அனுப்பி இரண்டாவது கருத்து வாங்கலாம், ரிப்போர்ட் பேப்பரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் பத்தாது.

பணம். இந்தச் சிகிச்சையில் செலவைத் தூக்கிவிடுவது சாமான்கள்தான். எத்தனை காயில் தேவைப்படும் என்பது உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் உறுதியாகும். அதனால் எஸ்டிமேட் வாங்கும்போது ‘எத்தனை காயில் வரைக்கும் இந்த பேக்கேஜ், அதுக்கு மேல ஒண்ணுக்கு எவ்வளவு?’ என்று தனியாக எழுதி வாங்குங்கள். கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் இருப்பவர்கள், அவசரம் இல்லாத பட்சத்தில், முன் அனுமதி வாங்கும்போதே இதைச் சேர்க்கச் சொல்லலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருந்தால் ஆஸ்பத்திரியில் உள்ள அதற்கான கவுன்ட்டரில் சிகிச்சைக்கு முன்பே விசாரியுங்கள், பில் வந்த பிறகு போனால் கஷ்டம்.

முடிந்து கிளம்பும்போது, ஆஞ்சியோ வீடியோ உள்ள சி.டி.யோ பென்டிரைவோ கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன வகை காயில், எத்தனை, எந்தப் பக்கத்துக் கிட்னியில் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், ‘உடம்புக்குள்ள உலோகம் ஏதாவது இருக்கா?’ என்று கேட்பார்கள். பெரும்பாலான காயில்களுக்கு அதனால் பிரச்னை இல்லை. ஆனால் என்ன வைத்தார்கள் என்பதே தெரியாமல் விழித்தால், ஸ்கேன் சென்டர்காரர் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.